உப்புப் பூத்த தூண்

ஜனவரி 9

தம்பிக்கு,

நலமா என்று எழுதத்தான் கை போகிறது. எழுத மாட்டேன். நீ நலமாக இருந்தால் எனக்கு வயிறு எரியும்.

உன் மாமாவுக்கு நேற்று இரண்டாவது ஆபரேஷன் முடிந்தது. முழங்காலும் அதற்குக் கீழே எலும்பும் சில்லு சில்லாகப் போயிருந்ததாம். இரும்புத் தகடு வைத்துத் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார்கள். இனி அந்தக் கால் மடங்காது, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மாமாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரியை இரண்டாக்கிவிடுவார். அவர் கோபம் உனக்குத் தெரியாததா.

எங்கள் வாசலிலேயே வைத்து அடித்தாய். மேல்மாடி வேலைக்கு வந்த கம்பியை எடுத்தே அடித்தாய். ஒரு அடியோடு நிறுத்தியிருந்தால் ஏதோ ஆத்திரம், கை நீண்டுவிட்டது என்று நானே நாலு பேரிடம் சொல்லிச் சமாளித்திருப்பேன். விழுந்து கிடந்த மனிதனை மறுபடியும் அடித்தாய். பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு அப்போதுதான் தெருமுனை திரும்பினேன். அப்பாவின் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே நின்றதைக் குழந்தை பார்த்தது. உன் முகத்தில் தெறித்திருந்த ரத்தத்தையும் பார்த்தது. உன் தோளிலேயே வளர்ந்தவள், இப்போது உன் பேச்சை எடுத்தால் என் பின்னால் போய் ஒளிகிறாள்.

கோர்ட்டில் ஜட்ஜ் கேட்டபோது, "பேச்சு சரியில்ல, அடிச்சேன்" என்றாய். அவ்வளவுதான். இரண்டு வருஷம் வாங்கிக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியில் ஏறினாய். புது மாடி லாபத்தில் நீ கூட்டு கேட்டதாகவும், தரமாட்டேன் என்றதற்கு அடித்ததாகவும் மாமா சொல்கிறார். அப்படித்தான் என்றால் உன் மூஞ்சியில் நான் இனி விழிக்க மாட்டேன். வேறு ஏதாவது என்றால் அதை எழுது. கெஞ்சிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ படிப்பதற்கு முன்னால் இதை ஜெயில் ஐயா ஒருவர் படிப்பார். அவருக்கும் என் வணக்கம். எழுத்துப் பிழை இருந்தால் அவரே திருத்தி அனுப்பட்டும்.

வெளியே கட்டடத்துக்குக் கம்பி கட்டினேன், இங்கே வந்து கம்பி எண்ணுகிறேன் என்று முதல் நாள் வாயைக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்குப் பேரே கம்பி. போன வாரம் ஒருவன் என் போர்வையை இழுத்தான், நான் அவன் மூக்கை உடைத்தேன், அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் என் முன்பற்களை எடுத்துக்கொண்டார்கள். இதைச் சொல்வது நீ பரிதாபப்பட அல்ல. கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொள்.

கூட்டும் கேட்கவில்லை, குழம்பும் கேட்கவில்லை. மாமா கதை நன்றாகக் கட்டுவார், கட்டடம்தான் அவருக்கு வராது.

மாமா உங்கள் கட்டடத்தைக் கட்டிய காலத்தில் நான் வேறு ஊரில் பாலம் வேலையில் இருந்தேன். உனக்கே தெரியும். இப்போது மேலே இன்னொரு மாடி போடக் கம்பி கட்டு என்று மாமா கூப்பிட்டதால்தான் வந்தேன். மொட்டை மாடியில் பழைய தூண்களின் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. புதுக் கம்பியை அதோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கையை வைத்தேன். பட்டை பட்டையாக உரிந்து வந்தது. வெயில் மழையில் மேல்துரு பிடிக்கும், அது எனக்குத் தெரியாதா? இது உள்ளே இருந்து வந்த துரு. தூணைக் கொஞ்சம் கொத்திப் பார்த்தேன். உள்ளே போகப் போக இன்னும் மோசம். அந்தக் காலத்தில் மணல் கொண்டுவந்த லாரி டிரைவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். கடற்கரையில் அள்ளிய மணல், ஒரு குடம் தண்ணீர் விட்டுக்கூட அலசவில்லை என்றார். உப்பு இருந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி ஊதும். ஊதினால் சுற்றியிருக்கும் காங்கிரீட்டை வெடிக்க வைத்து வெளியே தள்ளும். அந்தத் தூண்களின் தலையில்தான் மாமா இன்னொரு மாடியை ஏற்றப் போகிறார்.

வாசலில் இருந்தார். போய்க் கேட்டேன், மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கக்காவையும் எம் புள்ளையையும் அதுக்குள்ள குடி வெச்சிருக்கேன். இதுக்கு மேல எவனுக்குடா கியாரண்டி வேணும்?"

கம்பி என் கையில் ஏற்கெனவே இருந்தது அக்கா. அப்புறம் நடந்தது எனக்கே சரியாக நினைவில்லை.

போலீசிடம் இதைத்தான் சொன்னேன். அப்படின்னா உங்கக்கா ஏன்டா அங்க இருக்கு என்று கேட்டுவிட்டு என் காதோடு ஒன்று விட்டார்கள். கட்டடப் பேச்சை எடுத்தால் முன்பகை என்று ஆகி இன்னும் இரண்டு வருஷம் கூடும் என்று வக்கீல் சொன்னார். அதனால்தான் கோர்ட்டில் வாயை மூடிக்கொண்டேன்.

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடு. மற்றதை அப்புறம் பேசலாம்.

தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது. கட்டின பெண்டாட்டியையும் பெற்ற பிள்ளையையும் இடியப் போகிற வீட்டில் எவனாவது குடி வைப்பானா? போலீஸ் கேட்டதில் என்ன தப்பு? நானும் அதையேதான் கேட்கிறேன்.

மேல் வீடுகளை விற்ற கதை உனக்குத் தெரியும். வீடு பார்க்க வருகிற ஆண்களை மாமா மேலே கூட்டிப் போவார். பெண்களைக் கீழே என்னிடம் விட்டுவிடுவார். நான் சமையலறையைத் திறந்து காட்டுவேன், குழாயைத் திருகிக் காட்டுவேன். பயப்படாம வாங்க, நாங்களே கீழதானே இருக்கோம் என்பேன். முதல் மாடி டீச்சர் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கையெழுத்துப் போட்டார். என்னிடமே சொல்லியிருக்கிறார். மேலே இருக்கும் ஆறு குடும்பமும் அப்படி வந்ததுதான். நீ சொல்வது நிஜம் என்றால் நான் யார் என்று யோசித்துப் பார். அதனால் அது நிஜம் இல்லை.

மாமா வீட்டுக்கு வந்தாகிவிட்டது. கால் நீட்டினபடியே நாற்காலியில் உட்கார்ந்து போனில் மேல்மாடி வேலையை விரட்டுகிறார். ஒரு கால் போனாலும் வாய் போகவில்லை. செங்கல் ஏறுகிறது, ஜல்லி ஏறுகிறது, நாள் முழுக்கத் தலைக்கு மேல் தடதடவென்று சத்தம்.

ஒன்று சொல்ல மறந்தேன். ஹாலில் இருக்கும் தூணில் கோடு கோடாக விரிசல் வந்தது என்று போன வருஷம் அதைச் சுற்றி மார்பிள் டைல்ஸ் ஒட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முந்தாநாள் பாப்பா கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஒரு டைல் தானாகத் தெறித்து அவள் புருவத்தைக் கிழித்துவிட்டது. மூன்று தையல். தரை பூராவும் ரத்தம், துடைக்கத் துடைக்க வந்தது. பசை சரியில்லை என்று மாமா டைல்ஸ் ஒட்டினவனைக் கூப்பிட்டு ஊன்றுகோலாலேயே முதுகில் போட்டார்.

பசைதானே? நீ வேறு எதையாவது எழுதி என்னைப் பயமுறுத்தாதே.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

பசை இல்லை. ஊதுகிற கம்பி காங்கிரீட்டைத் தள்ளுகிறது, காங்கிரீட் டைலைத் தள்ளுகிறது. அடுத்தது என்ன தெறிக்கும் என்று நான் எழுத வேண்டுமா?

நான் சொன்னால் நம்பாதே. அடித்தவன் பேச்சு எடுபடாது, அது எனக்கு இங்கே வந்ததும் புரிந்துவிட்டது. அன்றைக்கு அந்தக் கம்பியைக் கீழே போட்டுவிட்டு உன்னிடம் வந்திருந்தால் நீ கேட்டிருப்பாய். இப்போது நான் என்ன சொன்னாலும் அந்தக் கால்தான் உன் கண்முன் நிற்கும். அதனால் உன் நாக்கையே நம்பு. டைல் விழுந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வை. சுண்ணாம்பு என்றால் கரிக்காது. அப்புறம் ஒரு சின்னச் சுத்தியலால் தூணைத் தட்டு. நல்ல தூண் கிண்ணென்று இருக்கும். காலி டப்பா மாதிரி கேட்டால் அந்த நிமிஷமே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பு. துணி, பாத்திரம் எதையும் எடுக்காதே.

மேலே தளம் போட விடாதே. செங்கல் கனம் ஒரு கனமே இல்லை. தளத்துக்குக் காங்கிரீட் ஊற்றினால் அது அத்தனையும் உன் ஹால் தூணில்தான் வந்து உட்காரும்.

மற்ற ஆறு குடும்பத்தை நினைத்து நீ அங்கே நிற்பாய், எனக்குத் தெரியும். அவர்கள் எக்கேடும் கெடட்டும். எனக்கு நீயும் பாப்பாவும்தான் வேண்டும். படிக்கிற ஐயா இதைத் தப்பாக எடுத்துக்கொண்டாலும் எனக்குக் கவலை இல்லை.

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

சுவரை நக்கச் சொல்கிறான் பார் என்று உன் கடிதத்தை மடித்து வைத்தேன். அன்று மத்தியானமே எடுத்துப் பிரித்தேன். வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. சமையலறைத் தூணில் சுண்ணாம்பைச் சுரண்டி வைத்தேன். அதுவும் கரித்தது. தட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாமாவிடம் நேராகக் கேட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஊரில் எல்லாரும் அந்த மணலைத்தான் போடுகிறார்கள் என்றார். "நான் இருக்கற வரைக்கும் நிக்கும். அது போதாதா?" என்றார். அப்போது எனக்கு உன் கம்பி ஞாபகம் வந்தது. அது என் கையில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை.

மேல் வீட்டுக்காரர்களிடம் சொல்லப் போகிறேன் என்று எழுந்தேன். ஊன்றுகோலை மாற்றிப் பிடித்து என் வாயில் அடித்தார். கடைவாய்ப் பல் ஒன்று கையில் வந்தது. கீழே விழுந்த பிறகு விலாவில் குத்தினார். பாப்பா நடுவில் வந்தாள், அவளுக்கும் ஒன்று விழுந்தது. அவரால் குனிய முடியாததால்தான் நான் தப்பினேன். அவருக்கு எட்டாத மூலைக்குத் தவழ்ந்து போய் அவளை அணைத்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த நாளே மேலே தளம் போட்டுவிட்டார்கள். கலவை மிஷின் சத்தத்தில் என் குரல் யாருக்குக் கேட்கும்? மேஸ்திரியிடம் ஓடிச் சொன்னேன். முதலாளி சொன்னால் நிறுத்துகிறேன் என்றார்.

நீ எங்களை மட்டும் வெளியே வரச் சொன்னாய். முடியவில்லையடா. மூன்றாம் மாடிப் பெண் மாசமாக இருக்கிறாள், படியேற மூச்சு வாங்குகிறது. அவளுக்குக் குழாயைத் திருகிக் காட்டினது நான்தான்.

தளம் போட்ட மறுநாள் மாமா மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் தூங்கும்போது வேலையாட்களின் சம்மட்டியைக் கேட்டு வாங்கினேன். மேல் வீட்டுப் பெண்கள் எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தேன். தட்டிக் காட்ட மட்டும்தான் நினைத்தேன். டைலும் பூச்சும் ஒரே தட்டில் பொலபொலவென்று கொட்டியது. கையை விட்டால் காங்கிரீட் ஈர மண் மாதிரி வருகிறது. உள்ளே கட்டைவிரல் தடிமனில் இருக்க வேண்டிய கம்பி, பாப்பாவின் பென்சில் அளவுக்குத் தேய்ந்து கறுத்துப் போயிருந்தது. டீச்சர்தான் அந்தத் தூளை அள்ளிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னை அறைந்தார். அதே அடிபட்ட கன்னத்தில். நான் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் ஆண்கள் வந்தார்கள். மாமாவைக் கட்டிலிலிருந்து இழுத்துத் தெருவில் போட்டு அடித்தார்கள். உன்னைப் போலவேதான், விழுந்த பிறகும். நான் அவர் மேல் விழுந்து மறைத்தேன். ஏன் மறைத்தாய் என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

இரண்டு நாளில் ஆறு வீடும் காலியாகிவிட்டது. அந்தப் பெண்ணை நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். நானும் பாப்பாவும் எதிரே டீக்கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறோம். மாமா வரமாட்டேன் என்றுவிட்டார். நான் கட்டினது, நான் ஏன் வர வேண்டும் என்று கேட்டாராம். சிமெண்டைக் குழைத்து வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தத் தூணைப் பூசிக்கொண்டிருக்கிறார். என் ஜன்னலிலிருந்து தெரிகிறது.

அக்கா


மார்ச் 6

அக்கா,

உன் மேல் கை வைத்தாரா? பாப்பா மேலுமா? இதைப் படித்துவிட்டு நான் சுவரில் மோதிக்கொண்டு நெற்றியை உடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வார்டில் இருந்து எழுதுகிறேன்.

ஒரு காலோடு விட்டேனே, அதுதான் நான் செய்த தப்பு. ரெண்டையும் உடைத்திருக்க வேண்டும். வெளியே வந்ததும் முதல் வேலை அதுதான். ஐயா இந்த வரியை அடித்துவிட்டு அனுப்பினாலும் நீ புரிந்துகொள்வாய்.

அதுவரை அவர் உள்ளேயே கிடக்கட்டும். நீ அந்த வாசலைக்கூட மிதிக்காதே. சோறு கொடுக்கிறேன், மாத்திரை கொடுக்கிறேன் என்று போகாதே. கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போடு, சீல் வைக்கட்டும். ஆறு குடும்பத்தையும் வெளியே கொண்டு வந்துவிட்டாய். அக்கா, நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன். என் கையில் கம்பி இருந்தது, நான் ஒரு ஆளைத்தான் அடித்தேன். நீ வீட்டையே உடைத்துக் காட்டிவிட்டாய்.

சொன்னது நான்தான் என்று பாப்பாவிடம் சொல். மாமன் பொய் சொல்லவில்லை என்று சொல். அது போதும் எனக்கு.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

கட்டடம் விழுந்துவிட்டது. பேப்பரில் பார்த்திருப்பாய். ஒருவர் பலி என்று போட்டிருப்பார்கள்.

கார்ப்பரேஷனில் இருந்து வந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அவர் அதைக் கிழித்துப் போட்டார். உன் பேச்சைக் கேட்காமல் நான் தினமும் காலையில் சோறும் மாத்திரையும் கொண்டுபோய் வாசற்படியில் வைத்துவிட்டு வருவேன். பேச மாட்டேன். அவரும் பேச மாட்டார். போன செவ்வாய்க்கிழமையும் வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டினேன். பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. திரும்பினேன். ஹாலில் இருந்து புழுதி வந்தது. அப்புறம் மரம் முறிகிற மாதிரி மேலிருந்து ஒரு சத்தம், நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

அவர் எழுந்து நின்றார். பிடிவாதமெல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது. வெளியே வரத்தான் பார்த்தார். ஊன்றுகோல் சிமெண்ட் தண்ணீரில் வழுக்கிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவரால் முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த மடங்காத காலை இழுத்து இழுத்து வந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். வாங்க, வாங்க என்று கத்தினேன். என்னை அடித்த மனிதனை, பிள்ளையை அடித்த மனிதனைத்தான் கூப்பிட்டேன். ஓடினேன். டீக்கடைக்காரர் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டார். வாசல் நிலையில் அவர் கை வந்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் புழுதி.

சாயங்காலம் எடுத்தார்கள். நிலைக்கு உள்பக்கமே கிடந்தார். இடுப்புக்கு மேலே அடையாளம் தெரியவில்லை. அந்தக் காலை மட்டும் பார்த்து, தகடு இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன்.

நீ சொன்னது எல்லாம் சரிதான். மணல் சரி, கம்பி சரி, மேல் தளம் சரி. ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஆறு குடும்பமும் உயிரோடு இருப்பது உன்னால்தான். டீச்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மூன்றாம் மாடிப் பெண்ணுக்குப் பையன் பிறந்திருக்கிறான்.

ஆனால் நாற்காலியில் இருந்து வாசலுக்கு எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும். நீயும் அவரும் எத்தனை தடவை அங்கே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறீர்கள். நல்ல கால் உள்ளவன் எழுந்து வெளியே வந்து, செருப்பையும் மாட்டியிருப்பான். ரெண்டையும் உடைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஒன்றே போதுமானதாக இருந்தது.

உன்னை நான் வெறுக்கவில்லை. வெறுக்க முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும். நீ வெளியே வரும் நாளில் வந்து நிற்பேன், அழைத்துக்கொண்டும் வருவேன். அதற்கு மேல் என்ன செய்வேன் என்று இப்போது கேட்காதே.

மாமன் பொய் சொல்லவில்லை என்று பாப்பாவிடம் சொல்லச் சொன்னாய். சொன்னேன். அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா ஏம்மா ஓடி வரல?" என்று கேட்டாள். கால் வலி என்று சொன்னேன். ஏன் வலி என்று அவள் கேட்கவில்லை.

அக்கா